போர்டில் வரையாத டீச்சர்

எனக்கு இடது கண் பாதி மூடியே இருக்கும் என்பது அந்த டீச்சர் வரும்வரை எனக்குத் தெரியாது. தினமும் கண்ணாடி பார்த்துத்தான் சவரம் செய்தேன். ஆனாலும் தெரியவில்லை. பிள்ளைகள் வரைந்து காட்டிய பிறகு வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவள் சாளை மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"கல்யாணத்தன்னைக்கே பாத்தேன். வெக்கப்படுகாருன்னுல்லா நெனச்சேன்."

"இத்தன வருசம் சொல்லலியே?"

"சொன்னா தொறந்திருவியளா?"

கண் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவன். பட்டையைச் சீவும்போது ஒரு கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டும். கத்தி ஆழம் போனால் மரம் கெடும், மேலே போனால் பால் இறங்காது. மரம் மரமாக இடுக்கி இடுக்கி அந்தக் கண்ணுக்குத் திறக்கவே மறந்துபோயிற்று. மழைக்காலம் வந்தால் வெட்டின இடத்துக்கு மேலே மரத்துக்குப் பிளாஸ்டிக்கால் ஒரு பாவாடை கட்டுவோம், தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளைகள் வரிசையாக நிற்கிற மாதிரி இருக்கும். அது கிடக்கட்டும். நான் டீச்சரைச் சொல்ல வந்தேன்.

முழங்கால் முட்டு தேய்ந்து மரத்தடியில் குனிய முடியாமல் போனபோது, என் மருமகன் யாரையோ பிடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டுக்காரன் வேலை வாங்கித் தந்தான். அருமனைக்குப் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய பள்ளிக்கூடம். நான் மூன்றாம் கிளாஸோடு நின்றவன். வயதான காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று ஊரில் கேலி செய்தார்கள். கேட்டைத் திறப்பது, சாத்துவது, மணி அடிப்பது. அவ்வளவுதான் வேலை. கேட்டுக்கு உள்ளே ஒரு பெரிய அயினி மரம். கேட்டுக்கு வெளியே, ரப்பர் தோட்டத்துக்கு அப்பால், ஒரு மலை.

மலை என்றால் பெரிய மலை இல்லை, பாறைக்குன்று. அதில் குவாரி ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் பன்னிரண்டு ஆகும்போது வெடி வைப்பார்கள். சத்தம் கேட்டதும் அயினி மரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பி ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்காரும். அவை உட்கார்ந்த பிறகு நான் சாப்பாட்டு மணி அடிப்பேன். பள்ளிக்கூடத்தில் கடிகாரம் இருந்தது. ஆனால் வெடிதான் தவறாது.

டீச்சரின் பெயரைச் சொல்லவில்லை. இன்னும் எங்கேயோ வேலை பார்க்கிறார். என் மகள் வயதுதான் இருக்கும். வீடு களியக்காவிளைப் பக்கம். மார்த்தாண்டத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து வருவார். காலையில் எங்கள் பள்ளிக்கூடம், சாப்பாட்டு மணி அடித்ததும் கிளம்பி வேறொரு பள்ளிக்கூடம். நிரந்தர வேலை இல்லை. நிர்வாகம் கைக்காசு போட்டு வைத்த ஆள். ஒவ்வொரு ஜூன் மாதமும் வரச் சொன்னால் வர வேண்டும், சொல்லாவிட்டால் இல்லை. அவருடைய வீட்டுக்காரர் கல்ஃபில் வேலை போய்த் திரும்பி வந்து சும்மா இருந்தார். அதனால் மே மாதம் முழுக்க டீச்சருக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பதுதான் வேலை.

டிராயிங்குக்கு என்று முன்பு ஒரு அறை இருந்ததாம். அதில் கம்ப்யூட்டர்களை வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஆகவே டிராயிங் கிளாஸ் அயினி மரத்தடிக்கு வந்தது, என் ஸ்டூலுக்கு நாலடி தள்ளி. அப்படித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

முதல் நாள் ஆறாம் கிளாஸ் பிள்ளைகள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். நோட்டைத் திறந்தார்கள். டீச்சர் எதையாவது வரைவார், பார்த்து வரையலாம் என்று காத்திருந்தார்கள். டீச்சர் வேர் மேல் உட்கார்ந்து குடையை மடக்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் பிள்ளைகள் தாங்களாகவே ஆரம்பித்துவிட்டார்கள். எல்லா நோட்டிலும் ஒரே படம். இரண்டு மலை, நடுவில் பாதி சூரியன், அங்கிருந்து ஒரு ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை.

"இது என்ன மக்கா?" என்றார் டீச்சர்.

"சீனரி டீச்சர்."

"இது எந்த ஊருல இருக்கு?"

பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பின்னால் இருந்த ஒருவன் எழுந்து, "நோட்டுல இருக்கு டீச்சர்," என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சரும் சிரித்தார். பிறகு குடையை நீட்டி கேட்டுக்கு வெளியே காட்டினார்.

"அங்ஙன ஒண்ணு நிக்குது பாரு. அத வரை."

"போர்டுல வரைஞ்சு காட்டுங்க டீச்சர்."

"போர்டுல என்ன இருக்கு? அங்ஙன பாரு மக்கா."

அந்த 'அங்ஙன பாரு' என்பதுதான் அவருடைய பாடம் முழுவதும். ஆறாம் கிளாஸுக்கும் அதுதான், ஒன்பதாம் கிளாஸுக்கும் அதுதான். ஒரு நாள் அயினி இலையை எடுத்துக்கொடுத்துப் பாரு என்பார். ஒரு நாள் செருப்பைக் கழற்றி வைத்துப் பாரு என்பார். பிள்ளைகள் அவசரமாகக் குனிந்து வரைந்தால் குடையால் நோட்டைத் தட்டுவார். "கண்ணு சோம்பேறி மக்கா. எனக்குத் தெரியும்னு சொல்லிட்டுப் படுத்துக்கிடும். எழுப்பு, எழுப்பு." யார் நோட்டிலும் தன் கையால் ஒரு கோடு போட மாட்டார். தப்பு என்று அடிக்கவும் மாட்டார். அந்தப் பொருளையும் நோட்டையும் மாறி மாறிப் பார்ப்பார். அந்தப் பிள்ளையும் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் அதுவே ரப்பரை எடுத்து அழிக்கும்.

அவர் வரைந்து யாரும் பார்த்ததில்லை. ஆசிரியர்கள் அறையில் இது பெரிய பேச்சு. டீச்சருக்கு வரையத் தெரியாது, சான்றிதழ் எப்படியோ வாங்கிவிட்டார் என்று ஒரு கட்சி. தெரியும், வரையச் சோம்பல் என்று இன்னொரு கட்சி. ஒரு தடவை தலைமையாசிரியர் விழா மேடைக்கு ஒரு மயில் வரைந்து தரச் சொன்னார். "பிள்ளையளே வரைவாவ சார்," என்று டீச்சர் பிள்ளைகளிடம் விட்டுவிட்டார். வந்தது கோழி மாதிரி இருந்தது. கேட்டால் பிள்ளைகள், "மயில் வரல்லே சார், அதான் வீட்டுக் கோழியப் பாத்து வால நீட்டிவிட்டோம்," என்றார்கள். அந்தக் கோழி மயிலின் கீழேதான் சிறப்பு விருந்தினர் பேசினார்.

எனக்கும் ஆசை அடங்கவில்லை. ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"கோவப்படாதீங்க டீச்சரே. உங்களுக்கு வரையத் தெரியுமா?"

"நான் போர்டுல வரைஞ்சா அம்புட்டுப் பிள்ளையளும் எனக்க கையத்தான் வரைவாவ அண்ணாச்சி," என்றார். "மலைய ஆரு வரைவா?"

தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை.

கேள்வி கேட்க எனக்கு நேரம் கிடைத்தது எப்படி என்றால், டீச்சருக்குப் பாதி நாள் கிளாஸ் இருக்காது. ஆறில் வாரம் இரண்டு பீரியடு. ஏழிலும் எட்டிலும் அப்படியே. ஒன்பதில் ஒன்று. பத்தாம் கிளாஸுக்கு டைம்டேபிளில் டிராயிங் என்று எழுதியிருக்கும், அந்த நேரத்தில் கணக்கு நடக்கும். காலாண்டுப் பரீட்சை முடிந்துவிட்டால் ஒன்பதாம் கிளாஸ் பீரியடையும் யாராவது வந்து கேட்பார்கள். கேட்பது என்றால் மரத்தடிக்கு வந்து நிற்பார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளே நோட்டை மூடிவிடும். டீச்சர் ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை. நிரந்தர ஆள் கேட்டால் தற்காலிக ஆள் எப்படி இல்லை என்பது?

பிள்ளைகள் போன பிறகு அதே வேர் மேல் உட்கார்ந்திருப்பார். குடையின் நுனியால் மண்ணைக் கிண்டுவார்.

"இன்னைக்கு ஆரு கொண்டு போனா டீச்சரே?"

"சயின்ஸ் சார். ஒரே ஒரு பாடம் பாக்கியாம்."

"நேத்தும் ஒரே ஒரு பாடமுன்னுல்லா சொன்னாரு?"

"அது வேற பாடம் அண்ணாச்சி."

அந்த சயின்ஸ் சார் கெட்ட மனிதர் இல்லை. அவர் பாடத்தில் ஒரு பிள்ளை தோற்றால் அவரைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்பார்கள். ஒரு நாள் விடைத்தாள் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. செம்பருத்திப் பூவை வரைந்து பாகங்களைக் குறி என்று ஒரு கேள்வி. ஒரு தாளை விரித்துக் காட்டினார்.

"இது என்ன டீச்சரே, முட்டைக்கோசா?"

"செம்பருத்தி சார்."

"செம்பருத்திக்கு இதழு அஞ்சு. நடுவுல ஒரு குழலு. இதுல குழலு எங்க?"

டீச்சர் எழுந்து ஆபீஸ் பக்கம் காட்டினார். "நம்ம பள்ளிக்கூடத்துல நிக்கது அடுக்குச் செம்பருத்தி சார். அதுல குழலே வெளிய தெரியாது. பிள்ளைய அதப் பாத்துட்டு வரைஞ்சிருக்கு."

சார் கொஞ்ச நேரம் அந்தச் செடியைப் பார்த்தார். இத்தனை வருடம் அதைக் கடந்துதான் கையெழுத்துப் போடப் போயிருக்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, "டீச்சரே, பத்தாம் கிளாஸ் பேப்பர் திருத்துகவன் நம்ம செம்பருத்தியப் பாக்கவா வரப்போறான்?" என்றார்.

"அது நியாயந்தான் சார்," என்றார் டீச்சர். மறுநாள் பிள்ளைகளிடம், "பரீட்சைக்கு இதழு அஞ்சு. மத்தபடிக்கு எத்தன இருக்கோ அத்தன," என்றார். பிள்ளைகள் சரி என்றார்கள். பிள்ளைகளுக்கு இதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

என்னை வரைந்தது அந்த வருடம்தான். மழை தூறிக்கொண்டிருந்ததால் மலை தெரியவில்லை. டீச்சர் குடையை என் பக்கம் நீட்டி, "இன்னைக்குப் பாட்டாவப் பாரு," என்றார். தாத்தாவைப் பாட்டா என்பது எங்கள் பக்கத்து வழக்கம், பிள்ளைகள் என்னை அப்படித்தான் கூப்பிடும். முன்னால் உட்கார்ந்து அத்தனை கண்ணும் என்னைப் பார்த்தபோது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் அப்பாகூட என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. முடித்த பிறகு எல்லா நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். மூக்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தினுசு. ஆனால் இடது கண் எல்லாவற்றிலும் பாதி மூடி இருந்தது. அதில் ஒன்றை ஒரு பிள்ளை கிழித்துத் தந்தாள். வீட்டில் அரிசி டப்பாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியானவள், இரட்டைச் சடை, கேள்வி ஓயாது. அவளுடைய அப்பா குவாரி லாரி ஓட்டுகிறவர். ஒரு நாள் மலையை வரைந்துகொண்டிருக்கும்போது வெடி போட்டார்கள். அவள் பென்சிலை நிறுத்தி, "டீச்சர், சத்தத்த எப்பிடி வரைய?" என்று கேட்டாள்.

டீச்சர் மேலே பார்த்தார். "காக்காவப் பாரு மக்கா," என்றார்.

அவள் அன்று மலைக்கு மேலே கொஞ்சம் கறுப்பைத் தெளித்த மாதிரி காக்கைகளை வரைந்தாள். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் அதைப் பார்த்தபோது கை தன்னால் மணிக்கயிற்றுக்குப் போயிற்று.

மலையை வரைவதில் டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கிளாஸாக இருந்தாலும் ஜூன் மாத முதல் பாடம் மலைதான். தனித்தாளில் வரைய வேண்டும். தாள்களை வாங்கித் தேதி போட்டுக் கட்டி வைத்துவிடுவார். ஆறில் வரைந்த அதே பிள்ளை ஏழிலும் வரையும், எட்டிலும் வரையும், ஒன்பதிலும் வரையும். "கை எப்பிடித் தெளிஞ்சிருக்குன்னு நமக்குத் தெரியணும்லா," என்பார். இவர் வந்த வருடம் ஆறாம் கிளாஸில் இருந்த பிள்ளைகள் ஒன்பதுக்கு வந்தார்கள். இரட்டைச் சடைப் பிள்ளையும்தான்.

அந்த வருடம் ஆண்டு விழாவுக்குக் குவாரி முதலாளியைக் கூப்பிட்டார்கள். அவர்தான் மேடைக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். தலைமையாசிரியர் மரத்தடிக்கு வந்து டீச்சரிடம் பேசினார்.

"டீச்சர், இந்தத் தடவ மயில் கியில் ஒண்ணும் வேண்டாம். பிள்ளைய வரைஞ்ச படத்த வராந்தாவுல மாட்டுங்க. ஆறுலேருந்து ஒம்பது வரைக்கும் எப்பிடி வளந்திருக்காவன்னு தாய்தகப்பன் பாக்கணும். வரிசையா மாட்டணும், கேட்டியளா?"

டீச்சருக்குச் சந்தோஷம். நாலு வருடத்தில் அவரிடம் யாரும் பிள்ளைகள் வரைந்ததைக் கேட்டதில்லை. விழா அன்று காலையில் கயிறு கட்டித் துணி கிளிப்பால் மாட்டினோம், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். ஆறாம் கிளாஸில் வரைந்தவை முதலில், பிறகு ஏழு, எட்டு, ஒன்பது. டீச்சர் கொஞ்சம் தள்ளி நின்று, "பாருங்க அண்ணாச்சி, இவளுக்குக் கோடு நேரா வராது. இப்போ பாருங்க," என்று ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முகம் மலர்ந்திருந்தது. அப்படி அவரை நான் முன்னே பார்த்ததில்லை.

நான் முதல் தாளிலிருந்து நடந்து வந்தேன். வராந்தாவின் நடுவே வந்ததும் நின்றுவிட்டேன். பிள்ளைகளின் கை வளர்ந்திருந்தது உண்மை. மலை குறைந்துகொண்டே வந்தது. ஆறாம் கிளாஸ் தாள்களில் ஓரத்தில் ஒரு சிறிய கடி. ஏழில் அது தோள்வரை. எட்டில் பாதி. ஒன்பதாம் கிளாஸ் தாள்களில் ஒரு பக்கம் செங்குத்தாக நின்றது, கத்தியால் ரொட்டியை வெட்டின மாதிரி. ஒரு பிள்ளை அப்படி வரைந்திருந்தால் கைப்பிழை என்று சொல்லலாம். எல்லாப் பிள்ளைகளும் அப்படியே வரைந்திருந்தார்கள். தினமும் அந்த மலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் கேட்டில் கார் ஹாரன் அடித்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

முதலாளி நல்ல மரியாதைக்காரர். எனக்கும் கும்பிட்டார். சந்தனமும் பன்னீரும் கொடுத்து வராந்தா வழியாகத்தான் அழைத்து வந்தார்கள். தலைமையாசிரியர், "நம்ம பிள்ளையளுக்க வளர்ச்சி சார்," என்று கையைக் காட்டினார். அவர் முதல் தாளைப் பார்த்துச் சிரித்தார். ஏழாம் கிளாஸ் பக்கம் வரும்போது மெதுவாக நடந்தார். எட்டில் நின்றார். திரும்பி ஒரு தடவை ஆறாம் கிளாஸ் தாள்களைப் பார்த்தார். ஒன்பதாம் கிளாஸில் இரட்டைச் சடைப் பிள்ளையின் தாளுக்கு முன்னால் நின்றார். வெட்டுப்பட்ட பாறைக்குக் கீழே அவள் ஒரு மஞ்சள் லாரி வரைந்திருந்தாள், விரல் நகம் அளவுக்கு. அதற்குள் ஒரு புள்ளி.

"இதாரு மக்களே?"

"எனக்க அப்பா சார். உங்க லாரிதான் ஓட்டுகாரு," என்றாள். குரலில் அவ்வளவு பெருமை.

"கொள்ளாம், நல்லா வரைஞ்சிருக்கு," என்று அவள் தலையில் கைவைத்துவிட்டுப் போனார். மேடையில் படங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவர் கார் போனதும் தலைமையாசிரியர் வராந்தாவுக்கு வந்தார்.

"டீச்சர், தெரிஞ்சுதானே மாட்டினிய?"

"தெரியாது சார்."

"நாலு வருசமா நீங்க வாங்கி வச்ச படம். உங்களுக்குத் தெரியாதா?"

"நான் பிள்ளையளுக்க கோட்டத்தான் சார் பாத்தேன். மலையப் பாக்கல்லே."

அவர் நம்பவில்லை. நான் நம்பினேன். காலையில் பக்கத்தில் நின்றவன் நான்தானே. எல்லோரும் போன பிறகு டீச்சர் கிளிப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றார். ஆறிலிருந்து ஒன்பதுவரை ஒரு தடவை நடந்தார். பிறகு என்னைப் பார்த்து, "எனக்க கண்ணும் படுத்துக்கிட்டுல்லா இருந்திருக்கு அண்ணாச்சி," என்றார்.

தலைமையாசிரியர் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. நிர்வாகத்திலிருந்தும் கேட்கவில்லை. ஜூனில் வரச் சொல்வார்களா என்று மட்டும் டீச்சர் என்னிடம் இரண்டொரு தடவை கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? வரச் சொல்லாமல் விட்டிருந்தால் அதைக்கூடத் தாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் ஊருக்கு ஊர் பஸ் மாறிப் பழகினவர்.

வந்தது வேறு. பரீட்சை லீவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆள் கேட்டுக்கு வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, இரட்டைச் சடைப் பிள்ளையின் அப்பா. வேலை நேரத்தில் வேட்டி கட்டி வந்திருந்தார். டீச்சரைப் பார்க்க வேண்டும் என்றார். டீச்சர் மரத்தடியில்தான் இருந்தார். அன்றும் பீரியடை யாரோ கொண்டுபோயிருந்தார்கள்.

அவர் கும்பிட்டார். "டீச்சரே, குத்தம் சொல்ல வரல்லே."

"சொல்லுங்கண்ணே."

"வண்டியில வேற ஆளப் போட்டிருக்கு. எதுக்குன்னு கேட்டா ஒண்ணும் சொல்லல்லே. லோடு கொறவாம், பொறவு கூப்பிடுவாவளாம். போன மாசம் வரைக்கும் லோடு கொறஞ்சதில்ல."

டீச்சர் எழுந்து நின்றுவிட்டார்.

"பிள்ளை வீட்டுல அழுகா. நான் அப்பாவ வரைஞ்சதுனாலயான்னு கேக்கா. அப்பிடி இல்ல மக்களேன்னு சொல்லியிருக்கு." அவர் மலைப் பக்கம் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நல்லா வரைவா டீச்சரே. உங்களத்தான் எப்பளும் பேசுவா. ஏதாவது பூவோ கிளியோ வரையச் சொல்லிக் குடுத்தா கொள்ளாம்."

வந்தவர் திட்டியிருந்தால் டீச்சர் பதில் சொல்லியிருப்பாரோ என்னவோ. அவர் கெஞ்சினார். "சரியண்ணே," என்றார் டீச்சர். அந்த மனிதர் எனக்கும் கும்பிட்டுவிட்டுப் போனார். கேட்டைத் திறக்கும்போது நான் கேட்டேன், "வேற வண்டி வல்லதும் கெடைக்குமா மக்கா?" "பாக்கணும் பாட்டா," என்றார்.

அன்று மத்தியானம் டீச்சர் பஸ்ஸுக்குப் போகும்போது குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார். நல்ல வெயில். நான் கூப்பிட்டேன், காதில் விழவில்லை.

ஜூன் வந்தது. டீச்சரும் வந்தார். வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதில் இருந்த பிள்ளைகள் பத்துக்குப் போய்விட்டார்கள், அவர்களுக்கு இனி டிராயிங் இல்லை. இரட்டைச் சடைப் பிள்ளையின் அப்பா திருவனந்தபுரத்தில் யாரோ வீட்டுக்குக் கார் ஓட்டப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவள் கேட்டைத் தாண்டும்போது பாட்டா என்று கூப்பிடுவாள், முன்போல நிற்க மாட்டாள்.

புதிய ஆறாம் கிளாஸ் மரத்தடிக்கு வந்தது. டீச்சர் என் பக்கம் வந்தார்.

"அண்ணாச்சி, உள்ள ஒரு பழைய போர்டு உண்டும்லா? அத இஞ்ச எடுத்து வைக்கணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆபீஸ் பையனோடு சேர்ந்து தூக்கி வந்து மரத்தில் சாய்த்து வைத்தேன். பிள்ளைகள் அதைப் பார்க்க உட்கார்ந்ததால் முதுகு கேட்டுப் பக்கம் வந்தது. மலை அவர்களுக்குப் பின்னால் போயிற்று.

டீச்சர் சாக்பீஸை எடுத்தார். வரைந்தார். கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் இரண்டு மலை. நடுவில் சூரியன், காம்பஸ் வைத்த மாதிரி வட்டம். ஆறு இறங்கி வந்தது. குடிசை, அதன் கூரையில் ஓலை ஓலையாக. தென்னை லேசாகச் சாய்ந்து நின்றது. இவ்வளவு நன்றாக வரைகிறவர் எங்கள் பக்கத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எதையும் பார்க்காமல் வரைந்தார். இரண்டு மலையும் முழுசாக இருந்தன.

பிள்ளைகள் கை தட்டின. "டீச்சருக்கு சீனரி வரையத் தெரியும்!" என்று ஒருத்தி கத்தினாள். அந்த வழியாகப் போன சயின்ஸ் சார் நின்று பார்த்துவிட்டு, "கொள்ளாம் டீச்சரே, இப்பத்தான் டிராயிங் கிளாஸ் மாதிரி இருக்கு," என்றார். மனதாரத்தான் சொன்னார். டீச்சர் அவருக்குச் சிரித்துக் காட்டினார். பிறகு வேர் மேல் உட்கார்ந்து கையிலிருந்த சுண்ணாம்பைச் சேலையில் துடைத்துக்கொண்டார். பிள்ளைகள் குனிந்து வரைய ஆரம்பித்தார்கள். யாரையும் தட்டி எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

நேரம் போயிற்று. வெடி போட்டார்கள். தரை லேசாக அதிர்ந்து போர்டிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. காக்கைகள் எழும்பின. பின்வரிசையில் ஒரு பிள்ளை, புதுச் சீருடையில் இருந்தவள், பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, சத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கு வெளியே தேடினாள்.

டீச்சர் அவளைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன்.

"போர்டப் பாரு மக்கா," என்றார்.

காக்கைகள் திரும்பி வந்து உட்கார்ந்தன. நான் எழுந்து போய் மணி அடித்தேன்.